முதல் குத்து

அவர் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் முனையைத்தான் பார்ப்பார். குடையைக் கொடுத்தால் அதன் இரும்பு நுனியில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். பென்சிலைக் கொடுத்தால் எழுதுவதற்கு முன் தரையில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துக்கொள்வார். டத்தோ கெராமட் சாலைக்குப் பின்னால் இருந்த எங்கள் வரிசையில் எட்டு வீடுகள். எட்டு வீட்டுச் சமையல் கத்திக்கும் முனை கிடையாது. எல்லாம் அவர் வேலை. சாணை பிடித்துத் தருகிறேன் என்று வாங்கிப் போவார். திரும்பி வரும் கத்தி தலைமுடியை அறுக்கும். நுனி மட்டும் விரல் நகம் போல உருண்டிருக்கும்.

"மீன்ரை வயித்தை நான் எதாலை கீறுறது?" என்று என் மனைவி அவரிடமே சண்டைக்குப் போனாள்.

"வெட்டுறதுக்குத்தாம்மா கத்தி. குத்துறதுக்கு இல்ல. மீன் வாங்குற அன்னிக்குச் சொல்லி அனுப்புங்க, நான் வந்து கீறித் தாரேன்."

சொன்னபடியே வந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து கானாங்கெளுத்தி கழுவிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் மனைவியே மொட்டைக் கத்தியால் கீறப் பழகிக்கொண்டாள். மூத்த மகளுடைய கவராயத்தின் ஊசியில் ஒருநாள் தக்கையைச் செருகி விட்டார். அவள் போட்ட வட்டமெல்லாம் வழுக்கி முட்டையாகின. "அந்த மாமாட்டை ஒண்டும் குடுக்காதீங்கோ லா!" என்று அழுதுகொண்டு வந்து நின்றாள். வரிசையில் எல்லாரும் அவரை மொண்ணை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு முப்பது வருஷமாகச் சோறு போட்டது வாள்.

கடலோரத்தில் வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்று இருந்தது. அங்கே விளையாட்டுச் சாமான்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. துரைமார் சிலர் மாலையில் பென்சிங் என்ற வாள் விளையாட்டு ஆடுவார்கள். அந்த வாளுக்கு மெல்லிய நீண்ட அலகு, நுனியில் ஆணித்தலை போல ஒரு மொட்டு. அது எதையும் வெட்டாது. நெஞ்சில் பட்டால் வில் போல வளையும். வளைய வேண்டும். அதில்தான் அவருடைய வேலை முழுவதும் இருந்தது.

நான் துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதுகிற கிராணி. வேலை முடிந்து வரும் வழியில் சில நாள் கிளப்பின் பின்கட்டில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சீமையிலிருந்து வரும் புது அலகு கொழுப்பு தடவிய தாளில் சுற்றி, கோடு போட்டது போல நேராக இருக்கும்.

"புதுசுக்கு எந்தப் பக்கம் வளையணும்னு தெரியாது கிராணி. நெஞ்சில பட்டா மேல பாத்து வளையணும். கீழ வளைஞ்சா வயித்துக்குப் போவும். பக்கத்துல வளைஞ்சா எங்க போவும்னு சாமிக்குத்தான் தெரியும்."

மண்ணெண்ணெய் போட்டுக் கொழுப்பைத் துடைப்பார். பிடிக்குள் போகும் வால் பகுதியை அறுத்து, அரத்தால் ராவி, இடுக்கியில் வைத்து ஒரு மயிரிழை தாழ்த்துவார். அதன் பிறகு காலுக்கு வேலை. வெறுங்காலோடு நடக்கிற அவரிடம் துரை யாரோ கழித்துப் போட்ட தோல் சப்பாத்து ஒன்று இருந்தது. ஒன்றுதான், இடது கால். அதை மாட்டிக்கொண்டு, அடித்தோலுக்கும் சிமெந்துத் தரைக்கும் நடுவே அலகை வைத்து மிதித்து, கைப்பிடிப் பக்கமிருந்து மெதுவாக இழுப்பார். "பெலான் பெலான்", மெல்ல மெல்ல, என்று மலாயில் அதனிடம் சொல்லிக்கொண்டே இழுப்பார். ஓரிடத்தில் அழுத்தம் கூடினால் அங்கே மடிப்பு விழும். மடிப்பு விழுந்த அலகு என்றைக்காவது அந்த இடத்திலேயே ஒடியும். ஒடிந்த அலகுக்கு மொட்டு இல்லை. ஆகவே ஒரு நாளைக்கு ஏழெட்டு இழுப்புத்தான். பிறகு ஆணியில் தொங்க விட்டுவிடுவார்.

துரைமார் அவசரப்படுத்துவார்கள். "இன்னும் இருக்கு" என்பார். பத்து நாளானாலும் அதே பதில்தான். வளைவு ஒரே சீராக வந்ததும் மொட்டின் மேல் மெழுகு நூலைச் சுற்றிக் கட்டுவார். கட்டி முடித்தும் கொடுக்க மாட்டார். கித்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வாளுக்குரிய துரையின் எதிரில் போய் நெஞ்சைக் காட்டி நிற்பார்.

"முதல் குத்து எனக்கு."

துரை குத்துவார். அலகு மேல்நோக்கி வளைந்து வானவில் மாதிரி நிற்கும். தன் மூக்குக்குக் கீழே நிற்கும் அந்த வளைவைப் பார்த்துவிட்டு அந்த ஒரு சொல்லைச் சொல்வார்.

"ஆச்சு."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் சுலபத்தில் வராது. பக்கத்து வீட்டில் கஞ்சி இறக்குவதற்கு முன்கூட அவரிடம் கேலியாகக் கேட்பார்கள்: "மொண்ணை அண்ணே, ஆச்சா?" அவர் அந்தக் கஞ்சியையும் கரண்டியில் எடுத்துப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

முனைகளைக் கண்டு ஏன் அப்படிப் பயந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கேட்டால் சிரித்துவிட்டு வேறு பேச்சு பேசுவார்.

பிறகு ஜப்பான்காரன் காலம் வந்தது. குண்டு விழுந்தது, வெள்ளைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறினார்கள். இடையில் சில நாள் ஊருக்கு யாரும் எஜமான் இல்லை. கிளப்பில் புகுந்தவர்கள் நாற்காலி, தட்டு, திரைச்சீலை எல்லாவற்றையும் தூக்கிப் போனார்கள். பென்சிங் முகமூடிகள் கம்பி வலையால் ஆனவை. அவற்றையும் கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூட எடுத்துப் போய்விட்டார்கள். ஒன்று மட்டும் மிஞ்சியது. தாளில் சுற்றியிருந்த புது அலகுகளை, என்னவென்று தெரியாததால், யாரும் தொடவில்லை.

அந்தக் கட்டடம் அலுவலகமாயிற்று. வீட்டுக்கு வீடு ஆள்கணக்குப் பதிவு செய்கிற இடம். எனக்கு அங்கே கிராணி வேலை கிடைத்தது. பழைய ஆள் என்று அவரையும் வைத்துக்கொண்டார்கள். முதல் வாரமே வாசலில் நின்ற ஜப்பான் சிப்பாயைப் பார்த்து, முப்பது வருஷப் பழக்கத்தில், "குட் மார்னிங் சார்" என்று சொல்லி விட்டார். வெள்ளைக்காரன் பாஷை பேசியதற்கு விழுந்த அறையில் ஒரு பல் போயிற்று. அதற்குப் பிறகு அவர் ஓர் இங்கிலீஷ் சொல்லும் பேசவில்லை. யாரிடமும் தமிழ்தான். மேலதிகாரியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் நான் நடுவில் நின்று இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த மேலதிகாரி ஜப்பான்காரர்தான், ஆனால் பட்டாளத்துக்காரர் அல்ல. படித்தவர், மெல்லப் பேசுபவர். மாணவனாக ஐரோப்பாவில் இருந்தபோது பென்சிங் பழகியவராம். பெட்டியைத் திறந்து அலகுகளைப் பார்த்த அன்று குழந்தை மாதிரி சிரித்தார். தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் வாலில் சிவப்பு நூல் கட்டினார். அதைத் தயார் செய்யும்படி அண்ணனிடம் சொல்லச் சொன்னார். அதுவரைக்கும் மூங்கில் குச்சியால் பழகிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார். அங்கே உயரமானவன் நான்தான்.

மாலையில் பின்புறப் புல்தரையில் நிற்பேன். சுவர்க் கடிகாரம் தோக்கியோ நேரப்படி ஒன்றரை மணி முந்தி ஓடும். அது ஐந்தரை காட்டும்போது வெளியே நாலு மணி வெயில்தான் அடிக்கும். ஒரே முகமூடி, அதை அதிகாரி போட்டுக்கொள்வார். எனக்குத் தரக் கூடாது என்று நினைத்தவரல்ல. எனக்கும் ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. "நெஞ்சைத்தான் குறிவைப்பேன், முகத்துக்கு என்ன பயம்?" என்றார். மூன்றாம் நாள் குச்சி வழுக்கி இடது கண்ணுக்குக் கீழே கிழித்தது. மன்னிப்புக் கேட்டு, தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அடுத்த நாளும் நிற்கச் சொன்னார்.

மனைவி துணியைச் சூடு காட்டி ஒற்றியபடி கேட்டாள்: "உந்தக் கண் போனா இந்த மூண்டு பிள்ளையளுக்கும் ஆர் இருக்கினம்?"

எனக்கு எழுத்து வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. பார்வையில்லாத கிராணிக்கு அந்தக் காலத்தில் அரிசிச் சீட்டு யார் கொடுப்பார்கள்? மூங்கில் குச்சியே இப்படி என்றால் இரும்பு எப்படியிருக்கும் என்று படுத்துக்கிடந்து யோசிப்பேன்.

மொண்ணை அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, அதை ஒடைச்சுப் போட்டுட முடியாதா?"

"ஒடைச்சா பெட்டியில இன்னும் அஞ்சு இருக்கு. ஒருதரம் ஒடைச்சவன் கையில திரும்பக் குடுப்பானா? அவனே வளைப்பான். அதுதான் கிராணி பயம்." அரத்தைத் துடைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் செஞ்சா பஞ்சு மாதிரி படும். நீங்க நேரா நில்லுங்க, அது போதும். நீங்க நிக்கிற அழகுக்கு அவன் குத்தவே வேணாம், பாத்தாலே விழுந்துடுவீங்க போல இருக்கு லா."

ஒவ்வொரு மாலையும் அதிகாரி பின்கட்டுக்கு வந்து என்னைப் பார்ப்பார். நான் அண்ணனைக் கேட்பேன். "இன்னும் இருக்கு" என்பார். நான் இங்கிலீஷில், "இன்னும் ஆகவில்லை என்கிறார்" என்பேன். அதிகாரி தலையாட்டுவார். அலகுக்கு நாள் பிடிக்கும் என்பது அவருக்கும் தெரியும். என் ஒரு நாள் முழுவதிலும் மூச்சு விட்ட நேரம் அந்த ஒரு நொடிதான். அந்தப் பதிலுக்காகவே வேலைக்குப் போனேன் என்று சொல்லலாம்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, இளைய மகனுக்குக் காய்ச்சல். வீட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர ஒன்றுமில்லை. முந்தின இரவு முழுவதும் நான் தூங்கவில்லை. இதையெல்லாம் ஒரு சாக்காகச் சொல்ல வரவில்லை. அன்று அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

அதிகாரி வந்தார். அண்ணன் அலகை ஒரு விரலில் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணால் அதன் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது. முதல் குத்துக்கும் காத்திராமல், நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"ஆச்சு."

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் ஆகவில்லை என்கிறார்," என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். 'நாட் ரெடி' என்ற இரண்டு சொற்களும் அவருக்குத் தெரியும். கிளப்பில் முப்பது வருஷம் கேட்ட சொற்கள். கையை உயர்த்தி, பல்போன வாயைத் திறந்து, அவரே 'ரெடி' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அலகைக் கீழே இறக்கினார். மூலையில் கிடந்த ஒற்றைச் சப்பாத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. அவர் பார்க்கும்போது பாசாங்கு செய்ய முடியாது. சிவப்பு நூல் கட்டிய அலகை மாற்றவும் முடியாது. ஆன அலகை அண்ணன் காலடியில் வைத்து மிதித்தார், இழுத்தார், நிமிர்த்தினார், மறுபடி மிதித்தார். வாய்க்குள் "பெலான் பெலான்" சொல்லவில்லை.

வீட்டுக்கு நடக்கும் வழியில் என்னிடம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபமே இல்லை. களைத்துப் போயிருந்தார்.

"கிராணி, ஆனதுக்கு மேல வளைக்கக்கூடாது. இரும்புக்கும் அசதி வரும். வெளியில தெரியாது. நாளைக்கு ஆச்சுன்னு சொல்லிடுங்க."

"நாளைக்குச் சொல்றேண்ணே."

மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வழியில் அவர் கேட்பார். நான் நாளைக்கு என்பேன். ஒருநாள் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அப்போதாவது நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். இன்னொரு நாள் கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

நான் அந்தப் பொய்யைச் சொன்ன எட்டாம் நாள் அதிகாரி நாற்காலியில் உட்காரவில்லை. முகமூடியோடு வந்தார். பிடியில் பொருத்தியிருந்த அலகை அண்ணன் கையிலிருந்து தானே வாங்கி, காற்றில் இரண்டு வீச்சு வீசினார். "இது போதும்," என்றார். என்னைப் பார்த்துப் புல்தரையைக் காட்டினார்.

போய் நின்றேன். நேராக நிற்க வேண்டும் என்று அண்ணன் சொன்னது நினைவிருந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்கட்டிலிருந்து அண்ணன் வந்தார். பழைய கித்தான் சட்டையை மாட்டிப் பொத்தானைப் போட்டபடியே வந்து, என்னைத் தோளால் தள்ளிவிட்டு என் இடத்தில் நின்றார்.

"முதல் குத்து எனக்கு. இங்க அதுதான் வழக்கம். சொல்லுங்க கிராணி."

அதிகாரி முகமூடிக்குள்ளிருந்து கேட்டார்: "என்ன சொல்கிறார்?"

அப்போது எனக்கு என்னென்னவோ சொல்ல வாய்ப்பிருந்தது. அலகு கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நேற்றுவரை சொன்ன பொய்யையே இன்னொரு தடவை சொல்லியிருந்தாலும் போதும்.

"முதல் குத்து தனக்கு என்கிறார். இங்கே அதுதான் வழக்கம்."

ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அந்த எட்டு நாளில் அவர் பேச்சை நான் உள்ளபடி மாற்றிச் சொன்னது அன்றைக்குத்தான்.

அதிகாரிக்கு அது பிடித்துப்போயிற்று. வாளை முகத்துக்கு நேரே உயர்த்தி மரியாதை செய்தார். அண்ணன் நெஞ்சைக் காட்டினார். அவர் கண் அதிகாரி மேல் இல்லை, என் மேலும் இல்லை. அலகில், மொட்டுக்குக் கொஞ்சம் கீழே ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பென்சில் முறிந்தது போல இருந்தது. அதிகாரி முன்னால் பாய்ந்த வேகத்தில் மிச்ச அலகு அண்ணனின் அக்குளுக்குக் கீழே குத்தி உள்ளே போயிருந்தது. அண்ணன் உட்கார்ந்தார். விழவில்லை, பார்த்து நிதானமாகப் புல்லில் உட்கார்ந்தார். அதிகாரி முகமூடியைக் கழற்றினார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அதிகாரியின் காரிலேயே அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் இருந்தார், மருந்து இல்லை. அதற்குப் பிறகு அதிகாரி புல்தரைக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்.

சண்டை முடிந்து இவ்வளவு நாளாகியும் பிள்ளைகள் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் எனக்குக் கத்தாமல் இருக்க முடியவில்லை. மகன் சிரிக்கிறான். "அப்பாவும் மொண்ணை அண்ணே ஆயிட்டார் லா" என்கிறான். அண்ணன் எனக்குப் பதிலாக நின்றார் என்று மனைவிக்குத் தெரியும். அந்த அலகு ஏன் ஒடிந்தது என்று அவளுக்கும் நான் சொன்னதில்லை.

குத்துப்பட்ட மூன்றாம் நாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணனுக்கு நல்ல காய்ச்சல். மூச்சில் ஈரச் சத்தம் இருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதுதான்:

"ஒடிஞ்ச துண்டு எங்க?"

"எடுத்துட்டேண்ணே."

"காட்டுங்க."

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன்.

"நெசமா எடுத்தீங்களா கிராணி?"

"இல்லண்ணே."

"தோட்டக்காரன் பிள்ளைங்க அங்க வெறுங்கால்ல ஓடுதுங்க. போய் எடுங்க."

போனேன். புல்தரையில் முழங்காலிட்டுக் கையால் துழாவி, செம்பருத்திச் செடியின் அடியில் அதைக் கண்டெடுத்தேன். ஒரு சாண் நீளம். ஒரு பக்கத்தில் அவர் கட்டிய மெழுகு நூல் பிரியாமல் இருந்தது. மறுபக்கம் பல் மாதிரி கூராக இருந்தது. கைக்குட்டையில் சுற்றிக் கொண்டு வந்து கொடுத்தேன்.

ஒடிந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் தடவினார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"நல்ல இரும்புதான்," என்றார். துண்டை என் பக்கம் தள்ளினார். "இத இப்பிடியே வீட்டுக்குக் கொண்டு போவாதீங்க. பிள்ளைங்க இருக்குற வீடு. என் பையில அரம் இருக்கு."

கட்டிலுக்கடியில் இருந்த பையிலிருந்து அரத்தை எடுத்தேன். அவர் கை நீட்டினார், பிடிக்க முடியவில்லை. கட்டிலின் இரும்பு விளிம்பில் துண்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நானே தேய்த்தேன். எனக்கு அந்த வேலை வராது. அரம் வழுக்கியது, விரலில் பட்டது, இரும்புத் தூள் போர்வையில் விழுந்தது. நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போனாள். அவர் தலையணையில் தலையைச் சாய்த்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "ஆச்சாண்ணே?"

"இன்னும் இருக்கு."

திருப்பிப் பிடித்துத் தேய்த்தேன். கூர் மழுங்கிவிட்டது போலத்தான் எனக்குத் தெரிந்தது. துண்டை அவர் விரலுக்கடியில் வைத்தேன். விரல் மெல்ல நகர்ந்தது.

"இப்ப?"

"இன்னும்... ஓரத்துல."

ஓரத்தைத் தேய்த்தேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கடிகாரம் ஒன்றரை மணி முந்தி ஓடியது. விரல் வைக்கும் இடமெல்லாம் வழுவழுவென்று இருந்தது. இனி யாரையும் அது கீறாது.

"ஆச்சாண்ணே?" என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தேன்.